பாராமகால் மண்ணில் பழைய குண்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

மைசூர்ப் போர்களில் கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, காவேரிப்பட்டினம் கோட்டைகள் கைமாறிக்கொண்டே இருந்தன. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாராமகால் என்ற இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் கும்பினியிடம் (கிழக்கிந்தியக் கம்பெனியிடம்) போனது. அந்தச் சண்டைகளின் ஈயமும் இரும்பும் இன்றும் ஏர் முனையில் தட்டுப்படுகின்றன. அவற்றைப் பற்றி வந்த கடிதங்களுக்கான பதில்கள் இவை. அவசரமான கடிதம் முதலில்.

கிணறு தூர் வாரும்போது இரும்பு உருண்டை ஒன்று கிடைத்தது. குறுக்களவு 11 செ.மீ., எடை 3.4 கிலோ. பீரங்கிக் குண்டா? பிள்ளைகள் உருட்டி விளையாடுகிறார்கள்.
(வேப்பனஹள்ளி வாசகர்)

பிள்ளைகளை உடனே விலக்குங்கள். உருண்டை இப்போது கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும். 112-ஐ அழைத்துக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பார்ப்பார்கள்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. குறுக்களவை செ.மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே இருமுறை பெருக்கி, விடையை 3.77 ஆல் பெருக்கினால் திடமான வார்ப்பிரும்பு உருண்டையின் எடை கிராமில் வரும். 11 × 11 × 11 × 3.77 போட்டால் ஏறத்தாழ 5 கிலோ. உங்களுடையது 3.4 கிலோதான் என்றால் உள்ளே வெற்றிடம் இருக்கலாம். அப்படியானால் அது வெடிமருந்து அடைத்து எறியும் கூட்டுக் குண்டு. அதன் வாயில் மரத்தாலான திரிக்குழாய் செருகியிருப்பார்கள். மரம் மக்கி, அந்த ஓட்டை துருவாலும் மண்ணாலும் அடைபட்டு வெளியே தெரியாமல் போய்விடும். உள்ளே இருக்கும் கரிமருந்து நூற்றாண்டுகள் ஆனாலும் கெடாது. ஈரம் காய்ந்தால் மறுபடி தீப்பிடிக்கும். துளை போடுவது, சுத்தியால் தட்டுவது, கிரைண்டரில் துரு எடுப்பது, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது எதுவும் கூடாது. மேலே அரை செ.மீ. துரு படிந்திருந்தால் கணக்கு பிசகத்தான் செய்யும். ஆனால் அதைச் சுரண்டிச் சரிபார்ப்பது நிபுணர்களின் வேலை.

திடக் குண்டுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. 3 பவுண்டுக் குண்டு சுமார் 7 செ.மீ., 1.4 கிலோ. 6 பவுண்டு சுமார் 8.9 செ.மீ., 2.7 கிலோ. 12 பவுண்டு சுமார் 11.2 செ.மீ., 5.4 கிலோ. வார்ப்பு அச்சு இரண்டும் சேர்ந்த கோடும், உலோகம் ஊற்றிய இடத்தின் தழும்பும் பெரும்பாலும் தெரியும். பளபளவென்று வழுவழுப்பாக இருந்தால் பள்ளிக்கூடத்துக் குண்டு எறிதல் உருண்டையாகவோ, கனிமம் அரைக்கும் ஆலையின் பந்தாகவோ இருக்கலாம். பீரங்கிக் குண்டு என்று வரும் உருண்டைகளில் இவை இரண்டும் கணிசம்.

மாங்கன்று நடக் குழி எடுத்தபோது வெள்ளை பூத்த ஈய உருண்டைகள் மூன்று கிடைத்தன. போர்க்காலத்தவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(காவேரிப்பட்டினம் விவசாயி)

வெர்னியர் காலிப்பரும், 0.1 கிராம் காட்டும் தராசும் போதும். கும்பினிப் படை வைத்திருந்த பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் வாய் சுமார் 19 மி.மீ. அதில் போட்ட குண்டு 17.5 மி.மீ. அளவு, எடை 31–32 கிராம். பிரெஞ்சுத் துப்பாக்கிக்குக் குழலே 17.5 மி.மீ.தான், குண்டு 16 மி.மீட்டரை ஒட்டி இருக்கும், எடை 24 முதல் 27 கிராம். ஹைதர், திப்பு படைகளில் பிரெஞ்சுத் துப்பாக்கிகளும் இருந்தன, உள்ளூரில் செய்தவையும் இருந்தன. ஆகவே 16 மி.மீ. என்றாலே மைசூர்க் குண்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாளையக்காரர்களின் திரித் துப்பாக்கிகளுக்கு ஒரே அளவு கிடையாது.

அளவை விட உருவம் அதிகம் பேசும். முழு உருண்டை, வார்ப்புக் கோடு, இடுக்கியால் வெட்டிய தட்டையான தழும்பு இருந்தால் சுடாத குண்டு: கைதவறி விழுந்தது, அல்லது முகாமில் வார்த்தது. ஒரு பக்கம் சப்பையாகி ஓரம் மடங்கியிருந்தால் எதையோ போய் அடித்தது. ஒரே இடத்தில் சுடாத குண்டுகள் குவிந்திருந்தால் அங்கே படை நின்றது என்று கொள்ளலாம். சப்பைக் குண்டுகள் குவிந்திருந்தால் அந்தப் பக்கம் நோக்கிச் சுட்டிருக்கிறார்கள். அதனால் மூன்றும் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தன என்று எழுதி, கைப்பேசியில் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துவையுங்கள். இடம் தெரியாத குண்டு வெறும் 30 கிராம் ஈயம்.

நடுவே துளை இருந்தால் வீச்சுவலையின் ஈயக்குண்டு. தென்பெண்ணைக் கரையிலும் கிருஷ்ணகிரி அணையைச் சுற்றியும் இவை ஏராளம்.

வெள்ளைப் பூச்சு ஈயத்தைக் காக்கும் போர்வை, தேய்த்து எடுக்க வேண்டாம். தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் வைக்காதீர்கள். அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை மாவாக்கிவிடும். இறுக மூடும் பாலிஎத்திலீன் டப்பா நல்லது.

மெட்டல் டிடெக்டர் வாங்கி ராயக்கோட்டை மலையில் தேட ஆசை. எந்த மாடல் வாங்கலாம்?
(ராயக்கோட்டை கல்லூரி மாணவர்)

மலைக்கு எந்த மாடலும் வேண்டாம், தம்பி. ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரிக் கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் அனுமதியில்லாமல் தோண்டவே கூடாது. 2010 திருத்தத்துக்குப் பின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி.

சொந்தப் பட்டா நிலத்திலும் கதை முடிந்துவிடாது. 1878 புதையல் சட்டப்படி மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல்தான். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் என்ன பொருள், எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878-இன் பத்து ரூபாய் இன்னும் மாறவில்லை என்பதால் நடைமுறையில் எல்லாமே அதற்குள் அடங்கும். மறைத்தால் பங்கு பறிபோவதோடு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெரிவித்து, பொருளுக்கு உரியவர் யாருமில்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளிலுள்ள உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். நூறாண்டு தாண்டிய தொல்பொருளை உரிமம் இல்லாமல் விற்கும் தொழில் நடத்துவதும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972 சட்டப்படி குற்றம்.

இன்னொன்றும் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் 4,000 ஆண்டுகளுக்கு முன்னால் போகிறது. கருவி கத்தியதும் கடப்பாரை போட்டால் உடைவது கும்பினிக் காலத்துப் பொருளாகவே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நிலத்தில் விழுந்த பம்ப் உதிரிபாகத்தைத் தேட டிடெக்டர் வாங்கினேன். காயிலை (அடியில் உள்ள தேடும் தட்டை) தரையில் கொண்டுபோனாலே ஓயாமல் கத்துகிறது. கருவி பழுதா?
(பென்னாகரம் வாசகர்)

பழுது இருக்காது. உங்கள் பக்கத்துக் கறுப்பு கிரானைட் என்று வெட்டி எடுக்கிறார்களே, அந்த டோலரைட் பாறையில் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் உண்டு. அது சிதைந்த மண்ணும் சரளையும் கருவிக்கு இரும்பு போலவே படும். தீர்த்தமலைப் பக்கம் இரும்புத் தாதே இருப்பதால் அங்கே தொல்லை இன்னும் கூடுதல்.

முதலில் கைப்பேசியை அணையுங்கள். போர்வெல் மோட்டாரும் சோலார் வேலியும் ஓடாத நேரம் பாருங்கள். வினாடிக்கு ஒருமுறை ‘டக் டக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அது யானை, காட்டுப்பன்றிக்காகப் போட்ட வேலியின் துடிப்பு. மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணுக்குக் கத்தாதபடி கருவியைச் சரிசெய்வது. எல்லா உலோகமும் ஒலிக்கும் நிலையில் வைத்து, உலோகமே இல்லாத இடத்தில் காயிலை 30 செ.மீ. உயரத்திலிருந்து 3 செ.மீ. வரை இறக்கி ஏற்றுங்கள். இறக்கும்போது சத்தம் கூடினாலோ குறைந்தாலோ குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஏற்ற இறக்கம் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். செம்மண்ணிலிருந்து கரம்பைக்கு மாறினால் மறுபடி செய்ய வேண்டும். பலரும் காலையில் ஒரு முறை செய்துவிட்டு மாலைவரை ஓட்டுவதுதான் கோளாறு. அப்படியும் அடங்காவிட்டால் சென்சிட்டிவிட்டியை 60 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். கூட்டிவைத்தால் ஆழம் கூடும் என்பது இந்த மண்ணில் பொய், இரைச்சல்தான் கூடும். வட்டக் காயிலை மாற்றி சிறிய டிடி காயில் (இரண்டு D எழுத்து வடிவச் சுருள்கள் கொண்டது) போட்டால் பாதித் தொல்லை தீரும்.

தனிக்கல் ஒன்று ஒலித்தால் காயிலை 5 செ.மீ. உயர்த்துங்கள். கல்லின் சத்தம் சட்டென்று அறுந்துவிடும், உலோகத்தின் சத்தம் மெல்லத் தேயும். பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரு திசையில் வீசிப் பாருங்கள். உருண்டைப் பொருள் இரண்டிலும் கருவியின் திரையில் ஒரே எண் காட்டும். ஆணியும் லாடத் துண்டும் ஒரு திசையில் பாடும், மறு திசையில் கரகரக்கும். பெரிய இரும்பு மட்டும் ஏமாற்றும். தகரம், கொழு, டிராக்டர் தகடு எல்லாம் வெள்ளி போல உயர்ந்த எண் காட்டுவது உண்டு. புகையிலைப் பொட்டலத்தின் காகிதத் தகட்டை ஒதுக்க, கருவி ஒலிக்கத் தொடங்கும் எண்ணை உயர்த்தினால் சிறிய ஈயத் துண்டுகளும் சேர்ந்து மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்தடி ஆழத்துத் தங்கத்தைத் தூரத்திலிருந்தே காட்டும் ஆன்டெனா கருவி உண்மையா?
(பாலக்கோடு வாசகர்)

இல்லை. 11 அங்குலக் காயில் ஒன்று ஈயக்குண்டை 15–20 செ.மீ. ஆழத்தில் பிடித்தாலே நல்ல கருவி. இதை விற்பவர்களும் இரிடியம் கலசம் விற்பவர்களும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்.

வீடு இடித்தபோது சுவருக்குள் பழைய துப்பாக்கி ஒன்று கிடைத்தது. வைத்துக்கொள்ளலாமா?
(ஊத்தங்கரை வாசகர்)

குழல் வாய்க்கு முன்னே யாரும் நிற்க வேண்டாம். அதில் மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே இருக்கலாம். பழைய துப்பாக்கிகளில் இது அபூர்வம் அல்ல. பக்கவாட்டில் இருந்துகொண்டு மெல்லிய மூங்கில் குச்சியைக் குழலுக்குள் விட்டு, வாயோரம் குறி போட்டு எடுங்கள். அந்த நீளத்தை வெளியே வைத்துப் பார்க்கும்போது குச்சி நுனி பற்றவைக்கும் துளைவரை எட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் உள்ளே எதுவோ இருக்கிறது என்றே கொள்ளுங்கள். குத்தி எடுக்க முயலாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருள் துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் சுட முடியுமா என்று தீர்மானிப்பது நீங்கள் அல்ல. இயங்குபகுதித் தகட்டில் (விசைக்கு மேலே பக்கவாட்டில் இருக்கும் தகடு) நாலாகப் பிரித்த இதய வடிவம் இருந்தால் கும்பினியுடையது. கிரீடம் ஏந்திய சிங்கம் இருந்தால் 1808-க்குப் பிந்தையது. புலிவரி வேலைப்பாடு இருந்தால் திப்புவின் பட்டறையை நினைக்கலாம்.

செப்புக் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது. இரும்புப் பொருளுக்கு என்ன செய்வது?
(மத்தூர் வாசகி)

புளி பித்தளைக் குடத்துக்கு நல்லது. காசில் எழுத்தே அந்தப் பச்சைப் படலத்தில்தான் நிற்கிறது, அமிலம் அதைத் தின்றுவிடும். மீதிக் காசுகளை காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் மண்ணை நீக்கினால் போதும். வெளிறிய பச்சைத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தால் உள்ளே குளோரைடு அரிக்கிறது. உலர்வாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைத்து அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

இரும்புக்கு, அதுவும் வெற்றிடமோ மருந்தோ இல்லை என்று உறுதியான பொருளுக்கு மட்டும், மின்பகுப்பு முறை உண்டு. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் சலவைச் சோடா. பொருள் எதிர்முனையில், சாதாரண இரும்புத் தகடு நேர்முனையில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் நச்சான குரோமியம் நீரில் இறங்கும். வெளியாகும் ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் திறந்தவெளியில் செய்யுங்கள். மின்னோட்டத்தைக் குறைவாக வைத்து நாள்கணக்கில் விடுங்கள். அவசரப்பட்டால் மேலடுக்கு ஓடாகக் கழன்றுவிடும். பிறகு நீரில் அலசி, உலர்த்தி, டானிக் அமிலக் கரைசல் பூசி, மெழுகு தடவுங்கள். நெருப்பில் சுட்டுத் துரு எடுப்பது வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும்.

மைசூர் ராக்கெட் நம் பக்கம் கிடைக்குமா?
(தேன்கனிக்கோட்டை வாசகர்)

கிடைக்க வாய்ப்பு உண்டு. 2018-இல் கர்நாடகத்தின் ஷிவமொக்கா மாவட்டம் நகராவில் பாழுங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் எடுத்தார்கள். ஒரு முனை மூடிய இரும்புக் குழாய், நீளம் ஏறத்தாழ ஒரு சாண். கட்டியிருந்த மூங்கில் மக்கிப் போயிருக்கும். பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு என்று பழைய இரும்புக் கடைக்குப் போனவை எத்தனையோ. உள்ளே கறுப்பாகக் கெட்டித்திருந்தால் வெடிமருந்து என்றே கொண்டு, முதல் கேள்விக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

1791-இல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிய இடத்தை மாணவர்களோடு முறையாக ஆய்வு செய்ய முடியுமா?
(வரலாற்று ஆசிரியர், கிருஷ்ணகிரி)

முடியும், ஆனால் விண்ணப்பம் கல்லூரி வழியாகத் தொல்லியல் துறைக்குப் போக வேண்டும். அனுமதி வருமுன் கருவியை வெளியே எடுக்காதீர்கள்.

1791 நவம்பர் 7 இரவில் கும்பினித் தரப்புத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கோட்டையின் அடிவாரத்துப் பேட்டையைப் பிடித்துவிட்டு மேல்கோட்டையில் ஏற முயன்றது. மைசூர் வீரர்கள் மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டே அதை முறியடித்தார்கள். ஆகவே அங்கே வேலை செய்த முக்கிய ஆயுதம் கருவியில் ஒலிக்கவே ஒலிக்காது. ஈயத்தை மட்டும் எண்ணிப் போரை எழுதினால் தோற்றவர்கள் கணக்கு மட்டும்தான் கிடைக்கும். சரிவில் கிடக்கும் உருட்டுப் பாறைகளையும் வரைபடத்தில் ஏற்றுங்கள்.

முறைக்கு முன்மாதிரி அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம். 1983 காட்டுத்தீ புல்லை எரித்ததும், அடுத்த ஆண்டு அங்கே ஆட்கள் இடைவெளி விட்டு வரிசையாக நடந்து, ஒலித்த இடத்தில் எல்லாம் கொடி நட்டு, ஒவ்வொரு பொருளையும் இடத்தோடு பதிந்தார்கள். நீங்கள் 5 மீட்டர் இடைவெளியில் தொடங்கலாம். கருவி பிடிப்பவர் ஒருவர், கொடி நடுபவர் ஒருவர், பதிபவர் ஒருவர் என்று மூவர் குழு. கருவி பிடிப்பவர் கையில் மண்வெட்டி இருக்கக் கூடாது. எல்லாக் கருவியையும் ஒரே அமைப்பில் வைத்து, இரும்பை ஒதுக்காமல் ஓட்டுங்கள். ஒன்றும் ஒலிக்காத கட்டங்களையும் பதிவேட்டில் எழுதுங்கள். பருவத்துக்கு, மழை முடிந்து மண் ஈரமாகவும் புல் குட்டையாகவும் இருக்கும் ஜனவரி, பிப்ரவரி தோதானவை.