நாளைக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்

கொரோனா ஊரடங்குக் காலத்தில் வந்த வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மாலை ஆனதும் தொற்று எண்ணிக்கையைப் பார்க்க ஃபோனை எடுத்தால் தூங்கும்வரை அது கையிலேயே இருக்கிறது. படம் வரைந்தேன், புதிர் போட்டேன். எதுவும் இரண்டு நாளைக்கு மேல் ஒட்டவில்லை. மனதுக்குத் தெம்பு தரும் பொழுதுபோக்கு ஒன்று சொல்லுங்கள் டீச்சர்.

குறை உங்கள் மனதில் இல்லை, எடுத்த வேலையில்தான். புதிரை முடித்துவிட்டால் மறுநாள் அதற்கு நீங்கள் தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது எல்லா நாளும் ஒரே நாளாகத் தெரிவதுதான் பெரிய பாரம். அதனால் ‘நாளைக்கு அது என்ன ஆகியிருக்கும்?’ என்று எட்டிப் பார்க்க வைக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பிடித்துக்கொண்டது நிலா. அமாவாசை கழிந்து பிறை கண்ணில் படும் அன்று தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும். நேற்று இருந்த இடத்திலிருந்து நிலா ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே தள்ளி நிற்கும். உதிக்கும் நேரமும் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். பௌர்ணமி தாண்டிய பிறகு மாலையில் காணோமே என்று விட்டுவிடாதீர்கள், காலையில் மேற்கே நிற்கும். என் நோட்டில் நாளுக்கு ஒரு வட்டம் போட்டு, இருட்டான பகுதியை மட்டும் பென்சிலால் தீட்டி, பக்கத்தில் அன்றைய நாளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதுகிறேன். பக்கத்தைப் புரட்டினால் நாட்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. எனக்கு அதில் கிடைக்கும் நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

வானம் தெரியாத வீடு என்றால் மணி பிளான்ட் கொடியில் கணு இருக்கும் துண்டாக வெட்டி, கணு தண்ணீருக்குள் இருக்கும்படி கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். வேர் அந்தக் கணுவிலிருந்துதான் வரும். ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும்.

அப்புறம் அந்தச் செய்தி. ஒரு நாளைக்கு ஓரிரு முறை, குறித்த நேரத்தில் மட்டும் பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. தூங்கும் நேரத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 12 வயது. நண்பர்களோடு விளையாட முடியவில்லை. போர் அடிக்கிறது மேடம்.

உன்னைப் போலவே வெளியே போக முடியாதவர்கள் சிலர் உன் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், தெரியுமா கண்ணா? சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் முதல் ஆள் இல்லாத நாளே கிடையாது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகிறது. சூரியன் மறைந்த பிறகோ விடிவதற்கு முன்போ அதை வெறும் கண்ணால் பார்க்கலாம். கீழே நமக்கு இருட்டியிருந்தாலும் அவ்வளவு உயரத்தில் அதன் மேல் வெயில் படும், அதனால்தான் மின்னுகிறது. விமானம் போல விளக்கு விட்டுவிட்டு எரியாது, ஒரே சீரான ஒளியாக நகரும். உன் ஊருக்கு மேல் எப்போது வரும் என்று நாசா நேரம் வெளியிடுகிறது. நேரத்தை நண்பர்களுக்கும் சொல்லிவிடு. அவரவர் வீட்டிலிருந்து எல்லோரும் ஒரே சமயத்தில் பாருங்கள். யாருக்கு முதலில் தெரிகிறது என்பதுதான் போட்டி.

கேள்வி: அப்பா வேறு ஊரில் தனியாக இருக்கிறார். தினமும் ஃபோன் பேசுகிறேன். ‘சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா’ என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. அவரை உற்சாகமாக வைக்க என்ன செய்யலாம்?

விசாரித்தது போதும், அவரிடம் ஏதாவது கேட்டு வாங்குங்கள். வயதானவர்களுக்குத் தாங்கள் இன்னும் தேவைப்படுகிறோம் என்ற நினைப்புதான் பெரிய தெம்பு.

செஸ் தெரிந்தவர் என்றால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பலகை வைத்துக்கொண்டு ஃபோனில் நாளுக்கு ஒரு நகர்த்தல் ஆடுங்கள். ஒரே ஒரு நகர்த்தல்தான். மீதி நாள் முழுக்க அவர் பலகையைப் பார்த்து யோசிப்பார், மறுநாள் உங்களுக்கு முன்னால் அவரே கூப்பிடுவார். கடிதத்தில் செஸ் ஆடுகிறவர்கள் பல தலைமுறைகளாக இப்படித்தான் ஆடியிருக்கிறார்கள்.

செஸ்ஸில் நாட்டம் இல்லையா? அவர் கதையைக் குரலில் பதிவு செய்யுங்கள். முதலில் அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, இன்னொரு ஃபோனில் ரெக்கார்ட் செய்தால் போதும். ஆனால் ‘உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க’ என்று ஆரம்பித்தால் ‘என்னத்தைச் சொல்ல’ என்று முடித்துவிடுவார். சின்னதாகக் கேளுங்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க? நீங்க பிறந்த வீட்டில் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? பள்ளிக்கூடத்தில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது யாரு? ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான், பாதிக் கதையில் நேரமாகிவிட்டால் அப்படியே நிறுத்துங்கள். என் அம்மாவிடம் நான் இப்படித்தான் கேட்டேன். நான் கேள்விப்பட்டே இராத பெயர்கள் அவர் வாயிலிருந்து வந்தன.

கேள்வி: மற்றவர்கள் புது மொழி கற்கிறார்கள், சான்றிதழ் வாங்குகிறார்கள். கைக்குழந்தையோடு எனக்கு நாளை ஓட்டுவதே பெரும்பாடு. நியூட்டனை உதாரணம் காட்டி ஒருவர் அனுப்பிய செய்தியைப் படித்ததும் அழுதுவிட்டேன்.

அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள் அம்மா. 1665-ல் பிளேக் பரவி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது நியூட்டன் சொந்த வீட்டுக்குப் போனார், கணிதத்திலும் ஒளியிலும் பெரிய காரியங்கள் செய்தார், உண்மைதான். அப்போது அவருக்கு 22 வயது. கல்யாணம் ஆகவில்லை, தூக்கி வைத்துக்கொள்ளக் குழந்தையும் இல்லை. அவருடைய நாளையும் உங்களுடைய நாளையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

குழந்தை தூங்கும்போது பிடித்த பாட்டு ஒன்றைப் படுத்தபடி முழுதாகக் கேளுங்கள். அதுவும் கணக்கில் சேரும். பாட்டுகூட வேண்டாம் என்று தோன்றுகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் ஃபோனிலாவது பேசுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு பலருக்கும் வருகிறது, அதைச் சரிசெய்ய சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: நண்பர்கள் வீடியோ காலில் சேர்ந்து பாடுகிறோம். ஒவ்வொருவர் குரலும் பிந்திப் பிந்தி வந்து தாளம் குலைகிறது. நெட் சரியில்லையா?

நெட் நன்றாக இருந்தாலும் அப்படித்தான் வரும். குரல் இணையத்தில் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகிறது. பேசும்போது அந்தத் தாமதம் உறைக்காது, தாளத்தில் உடனே தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் பாடட்டும், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வீட்டில் கூடவே பாடுங்கள். எல்லோர் குரலும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்றால், ஒரே தாளப் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டபடி ஆளாளுக்குத் தனியாகப் பாடிப் பதிவு செய்து, பிறகு ஒருவர் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டகர் 2010-ல் 185 பேரை அவரவர் வீட்டிலிருந்தே இப்படிப் பாட வைத்தார். நீங்கள் நாலைந்து பேர்தானே? முதலில் நாலு வரிப் பாட்டாக எடுங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் ஒரு முறை கை தட்டிவிட்டுப் பாடினால், சேர்க்கிறவருக்கு அந்தத் தட்டலை வைத்து எல்லாப் பதிவுகளையும் பொருத்துவது சுலபம்.