கேம் பாயில் சிப்டியூன் இசையமைக்க எங்கிருந்து தொடங்குவது?

பழைய கேம் பாய் இருக்கிறது, இசை படித்ததில்லை, அதில் சிப்டியூன், அதாவது பழைய வீடியோ கேம் சிப்களின் ஒலியில் உருவாகும் இசை, அமைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி உருவாக்கிய எல்எஸ்டிஜே (LSDj) என்ற இசையமைப்பு மென்பொருளை ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில், அதாவது கணினியிலிருந்து நிரல்களை ஏற்றக்கூடிய கேம் கார்ட்ரிட்ஜில், ஏற்றிக்கொள்ளுங்கள்.

1989இல் வந்த கேம் பாயில் ஒலிக்கு நான்கே சேனல்கள், அதாவது தனித்தனி ஒலிவழிகள்: இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ் (இரைச்சல்). மெட்டைப் பல்ஸிலும் பேஸை (அடித்தளமான கீழ்ச்சுரங்களை) வேவிலும் தாளத்தை நாய்ஸிலும் வையுங்கள்.

பல்ஸ் சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். அப்புறம் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு (chord) எப்படி வரும்? சுரத்துக்குப் பக்கத்தில் சி (C) என்ற கமாண்ட் போட்டு 47 என்று கொடுத்துப் பாருங்கள். மூல சுரம், அதற்கு 4 அரைச்சுரம் (பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான தூரம்) மேலே, 7 அரைச்சுரம் மேலே என மூன்றையும் படுவேகமாக மாற்றி மாற்றி வாசிக்கும். காதுக்கு அது பளிச்சென்று ஒலிக்கும் மேஜர் கார்டு. 37 கொடுத்தால் சோகச் சாயலுள்ள மைனர். அந்தப் படபடப்புதான் சிப்டியூனின் உயிர், எனக்கு இன்றும் அது சலிக்கவில்லை.

முதல் வாரம் 16 படிகள் கொண்ட ஒரே ஒரு ஃபிரேஸ், அதாவது சிறு இசைத்துண்டு, போதும். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒரு சுரத்தை மட்டும் மாற்றிக் கேளுங்கள். பிடித்த ஃபிரேஸ்களைப் பிறகு செயினில், அதாவது ஃபிரேஸ்களின் வரிசையில், கோக்கலாம்.

சேமித்ததைக் கணினியிலும் நகலெடுத்து வையுங்கள். பல கார்ட்ரிட்ஜ்களில் நினைவகத்தைக் காப்பது ஒரு பட்டன் பேட்டரிதான். அது தீர்ந்துபோய் நான் இரண்டு பாட்டுகளை இழந்திருக்கிறேன்.