எதிர்பார்த்துப் போய் ஏமாந்த சூப்பர் ஹீரோ படம் எது? அன்று தியேட்டரில் கூட்டம் எப்படி இருந்தது?

'தார்: லவ் அண்ட் தண்டர்'. மார்வெல் படங்களில் வரும் இடிக் கடவுள் தாரின் கதை. 2022 ஜூலை 7, வியாழக்கிழமை வந்தது. நான்கே நாளில் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டும் சேலத்தில்தான். முதல் தடவை என் காசு. இரண்டாவது தடவை ஆட்டுக் காசு. அதை அப்புறம் சொல்கிறேன்.

எதிர்பார்ப்பு ஏன் அவ்வளவு என்றால், அதற்கு முந்தைய 'தார்: ராக்னராக்'தான் காரணம். 2011, 2013 இரண்டு தார் படங்களையும் பெரிதாகக் கொண்டாடிய ஆள் எங்கள் செட்டில் கிடையாது. 2017-ல் டைக்கா வைடீடி என்ற நியூசிலாந்துக்காரர் வந்து, அந்த உம்மணாமூஞ்சி தாரைச் சிரிக்கிற ஆளாக மாற்றினார். அடுத்த வருஷம் 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வாரில்' தார் கோடரியோடு வக்காண்டா என்ற கற்பனை நாட்டில் வந்து இறங்கியபோது எங்கள் தியேட்டரில் பேப்பர் பறந்தது, யாரோ சட்டையைக் கழற்றிச் சுற்றினார்கள். அதே இயக்குநர், அதே ஹீரோ, கூடவே வில்லனாக கிறிஸ்டியன் பேல். பேட்மேனாக நடித்தவரே இந்தப் பக்கம் வந்து வில்லனாக நிற்கிறார் என்றால் டிக்கெட் போடாமல் இருக்க முடியுமா?

வியாழன் ராத்திரி பத்து மணிக் காட்சி, காலேஜ் நண்பர்கள் ஆறு பேர். படம் தொடங்கிய முதல் ஐந்து நிமிஷம் நிஜமாகவே நன்றாக இருந்தது. பாலைவனத்தில் பேல் நடிக்கும் கோர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான், மகள் செத்துப்போகிறாள், கும்பிட்ட சாமியைத் தேடிப் போனால் அந்தச் சாமி அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. தியேட்டரே கப்சிப். பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்கூட இல்லை. சரி, சம்பவம் இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் ஜோக் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. தாரின் கோடரிக்கு அவனுடைய பழைய சுத்தியல் மேல் பொறாமை என்று ஒரு ஜோக், அதையே நான்கு தடவை. படத்தில் தாருக்கு இரண்டு ராட்சத ஆடுகளைப் பரிசாகக் கொடுப்பார்கள். மனுஷன் கத்துவதுபோலக் கத்தும். முதல் தடவை கத்தியபோது தியேட்டர் அதிர்ந்தது, நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாவது தடவை பாதிப் பேர் சிரித்தார்கள். மூன்றாவதற்கு 'ப்ச்' சத்தம். அதற்குப் பிறகு ஆடு வாயைத் திறப்பதற்கு முன்பே பின்வரிசைப் பையன்கள் 'ஆஆஆ' என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். சத்தியமாக, படத்தில் இருந்ததைவிட அது நல்ல காமெடி. ஒருத்தன் எழுந்து நின்று, "யோவ், அந்த ஆட்டை யாராவது வெட்டுங்கய்யா, நாளான்னிக்கு பக்ரீத்!" என்றான். நாளான்னிக்கு இல்லை, அதற்கும் அடுத்த நாள். திருத்துகிற நிலைமையில் யாரும் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் மொபைல் வெளிச்சம். அன்று ராத்திரி சவுத்தாம்ப்டனில் இந்தியா–இங்கிலாந்து முதல் டி20. திரையில் தார் குழந்தைகளை மீட்கக் கிளம்பிக்கொண்டிருக்க, எங்கள் வரிசையில் ஹர்திக் பாண்டியாவின் 50-க்குக் கைதட்டல். இரண்டாம் பாதியில் விழுந்த பெரிய கைதட்டல் அதுதான். கிளைமாக்ஸில் ஒரு பொம்மை முயல் கண்ணிலிருந்து லேசர் விடும்போது என் பக்கத்தில் இருந்தவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். பேல் மட்டும் தனியாக வேறொரு நல்ல படத்தில் நடித்துக்கொண்டிருந்தார், பாவம். நிழல் உலகத்தில் நடக்கும் அந்தக் கருப்பு வெள்ளைச் சண்டையை மட்டும் தனியாக வெட்டி எடுத்துக் கொடுத்தால் இன்றைக்கும் பார்ப்பேன்.

வெளியே பைக் ஸ்டாண்டில் யாரும் சண்டை போடவில்லை. திட்டக்கூட இல்லை. "சரி மாப்ள, காலைல பாப்போம்" என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டோம். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' பார்த்த அன்றைக்கு டீக்கடையில் விடிய விடியப் பேசிய அதே ஆறு பேர்தான்.

இப்போது ஆட்டுக் காசு. தாரமங்கலம் பக்கம் இருக்கும் என் சித்தப்பா வெள்ளாடு வளர்க்கிறார். சேலம் கருப்பு என்று எங்கள் பக்கத்து இனம், மூக்கிலிருந்து வால் வரை ஒரே கருப்பு. ஜூலை 9, பக்ரீத்துக்கு முதல் நாள், கொங்கணாபுரம் சனிச்சந்தை. கொண்டுபோன கிடாக்களில் பெரும்பாலானவை நல்ல விலைக்குப் போய்விட்டன. அந்தச் சந்தோஷத்தில், "ஞாயித்துக்கிழமை எல்லாரும் சினிமா போலாம் கண்ணு, பையன் என்னமோ தாரு தாருங்கறான்" என்று போன் போட்டார். படம் சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமிழ் டப்பிங், மத்தியானக் காட்சி. சித்தப்பா, சித்தி, ஐந்தாவது படிக்கும் தம்பி, நான்.

சித்தப்பாவுக்கு ஆடுகளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. "கொம்பைப் பாரு, நாலு பல்லு கிடா மாதிரி இருக்குது. எப்படியும் நூறு கிலோ கறி நிக்கும்" என்றார். அது கத்தியதும், "தொண்டை அடைப்பானா இருக்கும்டா, டாக்டரைக் கூப்பிடச் சொல்லு" என்றார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இந்த ஆடுகள் சும்மா சேர்த்தவை அல்ல, வடக்கு ஐரோப்பாப் புராணத்திலேயே தாரின் தேரை இழுப்பவை இரண்டு கிடாக்கள் என்று சொன்னேன். 13-ம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிவைத்த கதையில், ராத்திரி அவற்றை அறுத்துச் சமைத்துத் தின்றுவிட்டு, காலையில் தோல்மேல் எலும்பைப் போட்டுச் சுத்தியலைக் காட்டினால் மறுபடி எழுந்து நிற்கும். ஒருநாள் ஒரு குடியானவன் மகன் நல்லி எலும்பை உடைத்து மஜ்ஜையை எடுத்துவிட, காலையில் ஒரு கிடா நொண்டியது. சித்தப்பா திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இதை எடுத்திருந்தா நல்லாருக்குமேடா."

எனக்குச் சித்தியை நினைத்துத்தான் திக்கென்று இருந்தது. வியாழக்கிழமை பார்த்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் போடும்போது அது உறைக்கவே இல்லை. தாரின் பழைய காதலி ஜேனுக்குப் புற்றுநோய், நான்காவது கட்டம். டிரெய்லரில் சுத்தியலோடு பறப்பதை மட்டும் காட்டியிருந்தார்கள். சித்தி 2020-ல், கொரோனா ஊரடங்கில் இ-பாஸ் வாங்கி வாங்கிக் கோயம்புத்தூர் போய்க் கீமோ ஏற்றிக்கொண்டவர். ஜேன் அந்த நாற்காலியில் ட்ரிப்ஸோடு உட்கார்ந்திருக்கும் காட்சி வந்ததும் சித்தப்பா பேச்சை நிறுத்தினார். வெளியே போகும் வழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சித்தி பாப்கார்ன் டப்பாவைத் தம்பி கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து நாலு ரோட்டுப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். தட்டுவடை மேல் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, மேலே இன்னொரு தட்டுவடை. நான் நீட்டி முழக்கி விமர்சனம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோகம் வரும் நேரமெல்லாம் ஜோக் போட்டுக் கெடுத்துவிட்டான், அழவும் விடவில்லை, சிரிக்கவும் விடவில்லை என்று. சித்தி கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பிடிச்சிருந்துச்சு கண்ணு. கீமோ ஏத்திட்டு வந்தா ரெண்டு நாளைக்கு ஒரு சொம்பு தண்ணி தூக்க முடியாது. அந்தப் புள்ள சுத்தியலைத் தூக்குது பாரு. அந்த எழவெடுத்த ஆடு நடுவுல கத்தாம இருந்திருந்தா நான் அங்கியே அழுதிருப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா கடைசில அந்தப் புள்ளயைச் சாகடிச்சிருக்க வேண்டாம்" என்றார். சித்தப்பா இன்னொரு செட் சொன்னார்.

என் கருத்து இன்றைக்கும் மாறவில்லை, படம் சுமார்தான். நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் முதல் வாரக் கடைசியில் 14 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம், அடுத்த வாரக் கடைசியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனது. வெளியே வந்த ரசிகர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோரில் ராக்னராக்குக்கு ஏ, இதற்கு பி பிளஸ். மொத்தத்தில் உலக வசூல் 76 கோடி டாலர் வந்ததால் தோல்வி என்று சொல்ல முடியாது. 2024-ல் தாராக நடித்த கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தே ஒரு பேட்டியில், கிறுக்குத்தனத்தில் மூழ்கித் தன்னையே கேலிச் சித்திரமாக்கிவிட்டதாக ஒப்புக்கொண்டார். அதைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். "அவனுக்கென்ன தெரியும்" என்று முடித்துவிட்டார்.

படம் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தாரமங்கலத்திலேயே தங்கினேன். தம்பி பட்டிக்குள் போய், தொண்டை கிழிய அந்தச் சினிமா ஆடு மாதிரி ஒரு கத்து கத்தினான். விலை போகாமல் திரும்பி வந்த மூன்று கிடாக்களும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தன. அப்புறம் அதில் ஒன்று சாவகாசமாக, "ம்மே" என்றது.

"கேட்டுக்க," என்றார் சித்தப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, "இதாண்டா ஆடு."