தோழிகளிடமிருந்து ஏன் ஒதுங்கினீர்கள்?

கேள்வி: எனக்கு 66 வயது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிராமம். முப்பது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கும் வேலை பார்த்தேன். கணவர் இல்லை. மகன் குவைத்தில், மகள் கோவையில். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். முட்டுவலியும் உண்டு. முன்பெல்லாம் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போவேன். இப்போது போகத் தோன்றவில்லை. நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் விளங்குவதில்லை, சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் மூத்திரம் முட்டிவிடுகிறது. ‘நடங்க அம்மா, நாலு பேரோட பழகுங்க’ என்று தினமும் வீடியோ காலில் சொல்கிறான் மகன். நடந்தால் முட்டு இன்னும் தேய்ந்துபோகாதா? இந்த வயதில் இனி யாரோடு பழக?

பதில்: அம்மா, கூட்டத்துக்குப் போகத் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கான காரணத்தையும் அடுத்த வரிகளிலேயே சொல்லிவிட்டீர்கள். பேசுவது விளங்கவில்லை, மூத்திரம் முட்டுகிறது, கால் வலிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் யாருக்குத்தான் வெளியே போகத் தோன்றும்? ‘வயசாகிவிட்டது, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். மூன்றுக்கும் வைத்தியம் இருக்கிறது.

முதலில் காது. வயதாகும்போது மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். ‘ச’, ‘த’, ‘ப’ போன்றவை மங்கிவிடும்; ‘ஆ’, ‘ஓ’ நன்றாகவே கேட்கும். அதனால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். ஃபேன் ஓடும் ஹாலில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் முடியாது. என்னிடம் வரும் பெரியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். கேள்வி கேட்டதும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு கூட வந்தவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் லேசாகத் தலையசைத்த பிறகுதான் ‘ஆமா டாக்டர்’ என்று பதில் வரும். வீட்டில் மறதி வந்துவிட்டது என்று நினைத்து அழைத்து வந்திருப்பார்கள்; பரிசோதித்தால் காதுதான் கேட்டிருக்காது.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். சில நேரம் வெறும் அழுக்கு அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் போதும். நீங்களாகவே பட்ஸ் விடுவது, காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது வேண்டாம். காது சுத்தமாக இருந்தால் ஆடியோகிராம் என்ற கேட்புப் பரிசோதனை எடுப்பார்கள். காது மெஷின் தேவை என்று சொன்னால் தயங்காதீர்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: மாட்டிய முதல் நாளில் பாத்திரம் வைக்கும் சத்தம்கூட இடியாகக் கேட்கும். மூளை பழகச் சில வாரம் பிடிக்கும். பலர் இந்தச் சில வாரங்களைப் பொறுக்காமல் மெஷினைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடிய மறதி நோய்க்கான 14 காரணங்களை 2024-இல் பட்டியலிட்டது. கேட்புக் குறைவும் அதில் இருக்கிறது, ஆட்களோடு பழகாமல் ஒதுங்கியிருப்பதும் இருக்கிறது. முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடுவதைத்தான் உங்கள் கடிதத்தில் பார்க்கிறேன்.

அடுத்து மூத்திரம். பெண்கள் இதை மகளிடம்கூடச் சொல்வதில்லை. நீங்கள் எழுதியது நல்லது. சர்க்கரை கூடியிருக்கலாம், கிருமித் தொற்று இருக்கலாம், பிரஷர் மாத்திரையில் மூத்திரம் பிரிக்கும் மருந்து இருக்கலாம். ரத்தம், மூத்திரம் இரண்டையும் பரிசோதியுங்கள். மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி, வெளியே போகும் நாளில் எந்த நேரம் சாப்பிடுவது என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பயந்துபோய் தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம்.

கூடவே ஒரு பயிற்சி: மூத்திரத்தை அடக்குவதுபோல அடிவயிற்றின் கீழுள்ள தசையை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து, நாளைக்கு மூன்று தடவை. உட்கார்ந்துகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம்.

முட்டுக்கு வருகிறேன். நடந்தால் தேய்ந்துபோகும் என்ற பயம் நம் பக்கம் ரொம்ப இருக்கிறது. உண்மையில், மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் வைத்தியமே உடற்பயிற்சிதான். தொடைத் தசை மெலிந்தால் மொத்தப் பாரமும் மூட்டில் இறங்கும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை. அப்புறம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழகுங்கள். குத்தவைத்து உட்காருவதை விடுங்கள். கம்பு பிடித்தால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கும் சொல்லும் கணக்கு. நாளைக்கு அரை மணி நேரம், ஐந்து நாள். முதலில் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அதனால்தான் தனியாக நடக்காதீர்கள் என்கிறேன். கூட ஒருத்தி பேசிக்கொண்டே வந்தால் வேகம் தானாகச் சரியாக இருக்கும்.

உங்கள் பக்கம் ரோடு ஏற்ற இறக்கமாக, வளைவாக இருக்கும். வண்டி வேறு உரசிக்கொண்டு போகும். சபை வளாகம், பள்ளி மைதானம் போன்ற சமதளத்தில் நடங்கள். ஜூன் மாத இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் முற்றமெல்லாம் பாசி பிடித்து வழுக்கும். அந்த மாதங்களில் ஹால் வராந்தாவிலேயே நடங்கள். சர்க்கரை இருப்பதால் செருப்பில்லாமல் வேண்டாம். திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட, பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

‘இனி யாரோடு பழக’ என்று கேட்டீர்கள். புதிதாக யாரையும் தேட வேண்டியதில்லை, அம்மா. முப்பது வருடம் ஒரே வரிசையில் உட்கார்ந்து பருப்பு உரித்தவர்கள் எங்கே போனார்கள்? அவர்களும் பக்கத்து ஊர்களில் முழங்காலைத் தடவிக்கொண்டு டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளிடம் சொல்லாத எத்தனையோ விஷயம் அவர்களுக்குத் தெரியும்.

மகன் தினமும் வீடியோ காலில் வருவது பெரிய ஆறுதல். ஆனால் அது வேறு, தோழமை வேறு. வில்லியம் சோபிக் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் சுமார் 100 நாடுகளைச் சேர்ந்த இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். குடும்ப உறவும் நட்பும் எந்த வயதிலும் நல்லதுதான். ஆனால் முதுமையில் உடல்நலத்தோடும் மகிழ்ச்சியோடும் கூடுதலாக ஒட்டியிருந்தது நட்புதான் என்று கண்டார். அதற்கு முன்பே, 2010-இல், 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. பிரஷர் மாத்திரையை மறக்காமல் சாப்பிடுவதுபோல இதையும் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

எப்படித் தொடங்குவது? ஃபோன் வேண்டாம், காது குறைந்தவர்களுக்கு அது சிரமம். யாராவது ஒருத்தியை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒருத்தி, அதிகம் போனால் இரண்டு பேர். டிவியை அணைத்துவிட்டு, அவர்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரெதிரே உட்காருங்கள். நடுவில் உள்ளி உரிப்பதோ, சக்கைக்கொட்டை சுரண்டுவதோ ஏதாவது வேலை இருக்கட்டும். கைவேலையோடு பேசியே பழகியவர்கள் நீங்கள். வெறுங்கையோடு உட்கார்ந்தால் பேச்சு வராது. ‘எனக்குக் காது மட்டு, முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்லு’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கத்திப் பேச வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கத்தினால் வார்த்தை இன்னும் குழம்பும். சங்கக் கூட்டத்திலும் முன்வரிசையில், பேசுகிறவர் முகம் தெரியும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல், ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற நினைப்பு வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். குணப்படுத்தலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனாலும், நடக்கும்போது நெஞ்சு இறுகினாலும், மூத்திரத்தில் ரத்தம் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி இந்த வாரம் ரத்த, மூத்திரப் பரிசோதனை. அடுத்து காது டாக்டர். நடையை நாளைக்கே பத்து நிமிடத்தில் தொடங்கலாம்.