மேடை பதில் சொல்ல வேண்டுமாம்: சி.எஸ்.இ. படிக்கும் நடன மாணவியின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

மூன்றாம் வருடம் சி.எஸ்.இ. படிக்கிற பெண், சிறு வயதிலிருந்து கற்ற பரதத்தையும் விடாமல், "நான் ஆடும்போது மேடை எனக்குப் பதில் சொல்லணும், அந்த மாதிரி வேலைதான் செய்யப்போறேன்" என்று சொன்னால் வீட்டில் கலக்கம் வரத்தான் செய்யும். கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குகிற நேரத்தில் சொன்னால் கேட்கவே வேண்டாம். "இப்படி ஒரு வேலை இருக்கா, இல்ல யூடியூப்ல பார்த்துட்டுச் சொல்றாளா?" என்று சார், அதாவது உங்கள் கணவர், கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு விளம்பரம் அதிகம் வராது, வேலைவாய்ப்புத் தளங்களில் பெயர் போட்டுத் தேடினாலும் சுலபத்தில் அகப்படாது. அதனால் பெற்றோர் கண்ணில் படுவதில்லை.

என்ன வேலை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இத்தனை வருடம் நடன வகுப்பு வாசலில் காத்திருந்தவர் நீங்கள். கேசட் போட்டு ஆடுவதற்கும் நட்டுவாங்கம் வைத்து ஆடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேசட் தன் பாட்டுக்கு ஓடும், பிள்ளைதான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். நட்டுவனார் இருந்தால் பிள்ளையின் காலைப் பார்த்துத் தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார். இன்றைக்கு மேடைகளில் பின்னால் ஓடுகிற வீடியோக்களில் பெரும்பாலானவை கேசட்தான். உங்கள் மகள் கேட்பது நட்டுவனாரை: ஆடுகிற உடம்பைப் பார்த்து ஒளியும் ஒலியும் அந்தக் கணமே மாறுகிற மாதிரி மேடையைக் கம்ப்யூட்டர் நிரலால் அமைக்கிற வேலை.

இரண்டுக்கும் நல்ல உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவின் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1999-இல் 'பைபெட்' என்ற நடனத்தை அமைத்தார். நடனக் கலைஞர்களின் உடம்பில் சின்னச் சின்ன அடையாளப் புள்ளிகளை ஒட்டி, அசைவை மட்டும் கம்ப்யூட்டரில் பதிந்து, டிஜிட்டல் கலைஞர்களான பால் கைசரும் ஷெல்லி எஷ்கரும் அதைக் கோட்டோவிய உருவங்களாக மாற்றினார்கள். மேடைக்கு முன்னால் கட்டிய மெல்லிய வலைத்திரையில் அந்த உருவங்கள் ராட்சத அளவில் நடமாடின. பார்க்க அற்புதம். ஆனால் எல்லாம் முன்பே செய்து வைத்தது. மேடையில் ஒருவர் தடுமாறி விழுந்தாலும் திரையில் இருக்கும் உருவம் நிற்காது.

ஏழு வருடம் கழித்து, 2006-இல், ஆஸ்திரேலியாவின் சங்கி மூவ் நடனக் குழு 'க்ளோ' என்ற படைப்பைத் தந்தது. நடனம் கிடியன் ஓபர்சானெக், மென்பொருள் ஜெர்மனிக்காரரான ஃப்ரீடர் வைஸ். வெள்ளைத் தரையில் ஒரே ஒருவர் ஆடுவார். கேமராவும் புரொஜெக்டரும் தலைக்கு மேல். பார்வையாளர்கள் சுற்றி உட்கார்ந்து கீழே குனிந்து பார்க்க வேண்டும். கேமரா உடம்பின் விளிம்பைப் பிடிக்கும், அதைச் சுற்றி நிரல் ஒளியை வரையும், எல்லாம் அந்தக் கணத்திலேயே. கையை வேகமாக வீசினால் ஒளியும் வீசும், நின்றால் நிற்கும். அரை மணி நேரத்துக்கும் குறைவான படைப்புதான், ஆனால் இந்தத் துறையில் வருகிறவர்கள் பலரும் ஒரு தடவையாவது அதைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

அதைப் பிரித்துப் பார்த்தால் வேலையின் ருசி தெரியும். சாதாரண கேமராவை வைத்தால், ஆடுகிறவரோடு சேர்த்துத் தரையில் விழும் ஒளியையும் அது பார்த்துவிடும். தான் வரைந்த கோட்டையே உடம்பென்று நினைத்து, அதைச் சுற்றி இன்னொரு கோடு போடும். சில நொடிகளில் எல்லாம் குழம்பிவிடும். இதற்கு வழி, மேடையை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கால் நிரப்பி, அந்த ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரைக் கேமராவில் மாட்டுவது. அப்போது கேமராவுக்கு உடம்பு மட்டும் தெரியும், படம் தெரியாது. இதெல்லாம் அமைத்த பிறகு லைட்மேன் வந்து பழைய ஹாலஜன் விளக்கு ஒன்றைப் போட்டால் தீர்ந்தது, அதிலும் அகச்சிவப்பு கொட்டும். இந்த மாதிரிச் சண்டைகளை மாலை ஆறு மணிக்குள் தீர்த்துவைக்கிற ஆள்தான் உங்கள் மகள் ஆகப்போகிறவர்.

சாருக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இது நேற்று முளைத்த மோகம் இல்லை. 1965-இலேயே கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் மேடையில் ஆன்டெனாக்களையும் ஒளி சென்சார்களையும் நட்டு, ஆடுகிறவர்கள் நெருங்கினால் ஒலி மாறும்படி செய்தார்கள். அடுத்த வருடம் பெல் லேப்ஸ் என்ற அமெரிக்கத் தொலைபேசி ஆய்வுக்கூடத்தின் பொறியாளர் பில்லி க்ளூவர் தன் சக பொறியாளர்களைக் கூட்டி வந்து நியூயார்க்கில் கலைஞர்களோடு ஒன்பது மாலைகள் நிகழ்ச்சி நடத்தினார். அறுபது வருடமாகப் பொறியாளர்கள் இருக்கிற இடம்தான் இது. உங்கள் வீட்டுப் பெண் அங்கே விருந்தாளி இல்லை.

பரதம் தெரிந்த பெண்ணுக்கு இங்கே என்ன கூடுதல் மதிப்பு? நிறைய இருக்கிறது. கூகுளின் மீடியாபைப் போன்ற இலவசக் கருவிகள் ஒரு சாதாரண வெப்கேமை வைத்தே உடம்பில் 33 புள்ளிகளையும், ஒவ்வொரு கையிலும் 21 புள்ளிகளையும் பிடிக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆடிக் காட்டச் சொல்லுங்கள், எங்கே உடைகிறதென்று அவளுக்கே தெரியும். கடகாவர்தனம் என்ற இரட்டைக்கை முத்திரை பிடித்து மணிக்கட்டுகள் குறுக்கே போனால், எது வலக்கை எது இடக்கை என்று நிரல் தடுமாறும். முட்டி மடக்கி அரைமண்டியில் நிற்கும்போது விரியும் உடையின் விசிறி மடிப்பை ஆழம் அளக்கும் கேமரா உடம்பின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். ஜரிகையும் ஒட்டியாணமும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பார்வை போகும் திசையில் நடக்கிற அபிநயத்தை அந்த 33 புள்ளிகளில் எதுவும் சொல்லாது. நடனம் தெரியாத நிரலாளருக்கு இது தவறு என்றே தெரியாது. நிரல் தெரியாத நடனக் கலைஞருக்கு ஏன் தவறு என்று தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு.

குறைவு, இல்லாமல் இல்லை. பெங்களூரின் ஆட்டக்களரி மையத்தை நிறுவிய ஜெயச்சந்திரன் பாலாழி இயற்பியல் படித்தவர், சென்னையில் தனஞ்சயன் தம்பதியிடம் பரதம் கற்றவர், பிறகு லண்டன் போய்ச் சமகால நடனம் பயின்றவர். பரதத்தின், களரிப்பயிற்றின் அசைவுகளை டிஜிட்டலாக ஆவணப்படுத்தும் 'நாகரிகா' என்ற திட்டம் அந்த மையத்தில்தான் நடந்தது. சென்னையிலேயே பத்மினி செட்டூர் இருக்கிறார். பிலானி பிட்ஸில் வேதியியல் படித்துவிட்டு, நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் குழுவில் சேர்ந்து, பின்பு தனியாகச் சமகால நடனம் அமைத்தவர். அவர் மென்பொருள் பக்கம் போனவர் அல்ல. நல்ல கல்லூரிப் பட்டமும் தீவிரமான நடனமும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி படிப்பு. நடனமும் டிஜிட்டலும் சேர்ந்த இளநிலைப் பட்டம் எங்கே என்று தேடி, மூன்றாம் வருடத்தில் சி.எஸ்.இ.யை விட வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. முடித்த பிறகு மூன்று வழிகள் தெரிகின்றன.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் (NID) காந்திநகர் வளாகத்தில் நியூ மீடியா டிசைன் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பி.இ. முடித்தவர் சேரலாம், அதற்கு டாட் (DAT) நுழைவுத் தேர்வு. மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி.யில் இன்டராக்‌ஷன் டிசைன் படிக்க சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், வழக்கமாக ஜனவரியில் நடக்கும். இரண்டுமே வரையத் தெரியுமா என்பதைவிடக் கவனித்துப் பார்க்கத் தெரியுமா என்று சோதிப்பவை. இந்த வழியில் போனால் வேலை சுலபமாகக் கிடைக்கும், நடனம் பின்னால் போகும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது வழி உடம்புக்கான பயிற்சி. ஆட்டக்களரி, நடனத்தோடு மேடைத் தொழில்நுட்பத்தையும் சேர்த்த டிப்ளமோவை நடத்தி வந்திருக்கிறது. இந்த வருடம் சேர்க்கை உண்டா, கட்டணம் எவ்வளவு என்று நேரில் போய்க் கேளுங்கள், பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமும் பேசுங்கள். பரதத்தில் நிமிர்ந்தே பழகிய உடம்பு, தரையில் உருளவும் இன்னொருவர் மேல் எடையைச் சாய்க்கவும் புதிதாகக் கற்க வேண்டும். பெற்றோர் பலரும் "முதல்ல செட்டில் ஆகட்டும், டான்ஸை அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள். வரிசை தலைகீழ். நிரல் எழுதுவதை முப்பது வயதிலும் கற்கலாம். முட்டியும் முதுகும் அதுவரை காத்திருக்காது.

மூன்றாவது வெளிநாடு. ஆஸ்திரியாவின் லின்ஸ் கலைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்ஃபேஸ் கல்ச்சர்ஸ் என்ற முதுநிலைப் படிப்பு இருக்கிறது. 1979-இலிருந்து ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழா நடக்கிற ஊர் அது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் அமெரிக்காவோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு, தங்கும் செலவுதான் கை கடிக்கும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஐ.டி.பி. (ITP) என்ற முதுநிலைப் படிப்பு இந்தத் துறையின் பெரிய பெயர். பெரிய கடனும் அதுதான். வீட்டை அடகு வைத்து அங்கே போக நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இந்த வேலையின் முதல் ஐந்து வருட வருமானம் அந்த வட்டியைத் தாங்காது.

பணத்தைப் பற்றி மழுப்பாமல் பேசிவிடுவோம். கலைப்படைப்பை மட்டும் செய்து சாப்பிடுகிறவர்கள் நம் நாட்டில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்களுக்குச் சோறு போடுவது அதே திறமையின் வேறு முகங்கள்: கார் அறிமுக விழா, அருங்காட்சியகக் கூடம், கண்காட்சி அரங்கு, மால், கல்யாண வரவேற்பில் எல்.இ.டி. சுவர். உடம்பைப் பார்த்துப் பதில் சொல்லும் கூடங்களுக்கு நல்ல உதாரணம் 'ரெயின் ரூம்'. 2012-இல் லண்டன் பார்பிகன் கலை மையத்தில் வந்தது. நீங்கள் நடக்கும் இடத்தில் மட்டும் மழை நின்றுவிடும். பிரிட்டிஷ் நடன அமைப்பாளர் வெய்ன் மெக்ரெகரின் கலைஞர்கள் அதற்குள் ஆடியிருக்கிறார்கள். 2018-இலிருந்து ஷார்ஜாவில் நிரந்தரமாக இருக்கிறது. அங்கே உறவுக்காரர்கள் இருந்தால் போய்ப் பார்த்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், வீட்டில் பேச்சு சுலபமாகும்.

இந்தத் தொழிலில் விழா முடிந்த மறுநாள் போனை எடுக்காத வாடிக்கையாளர்கள் உண்டு. ஆரம்பத்திலேயே பாதி அட்வான்ஸ், கருவி வாடகை தனிக்கணக்கு, ஒத்திகை நாளுக்கும் கூலி, எல்லாம் மெயிலில் எழுத்து மூலம் என்று மகளைப் பழக்குங்கள். நாட்டிய உலகத்தில் பணம் கேட்கக் கூச்சப்படச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்தக் கூச்சம் இங்கே உதவாது.

கேம்பஸ் வேலை? இன்டர்வியூவுக்குப் போகட்டும். இத்தனை வருடம் விலகக்கூடாது என்ற பாண்ட் இல்லை, அசல் சான்றிதழ்களை வாங்கி வைக்கமாட்டார்கள், சென்னையிலோ பெங்களூரிலோ போஸ்டிங், இரவு ஷிஃப்ட் கிடையாது என்றால் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரை, இரண்டு வருடச் சேமிப்பு பின்னால் நல்ல முதலாகும். இரவு ஷிஃப்ட் என்றால் சம்பளம் எவ்வளவானாலும் எனக்குத் தயக்கம்தான். காலை நடனச் சாதகம் நின்ற மூன்றே மாதத்தில் அவளே ஆசையை விட்டுவிடுவாள், நாம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

அதற்கு முன்னால் கையில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது: கடைசி வருட புராஜெக்ட். முகம் பார்த்து வருகைப் பதிவு போடும் புராஜெக்ட்டை எல்லாரும் செய்வார்கள், இவள் பரதத்தில் முதலில் கற்கும் தட்டடவை எடுக்கட்டும். சலங்கையோடு கணுக்காலில் ஒரு சின்ன சென்சாரும், வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 என்ற குட்டி எலெக்ட்ரானிக் போர்டும் கட்டி, தட்டும் ஒவ்வொரு அடியையும் வைஃபை வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அது உடனே ஒலியாகவும் ஒளியாகவும் வர வேண்டும். மெதுவான முதல் காலத்தில் எல்லாம் சரியாகத் தோன்றும். வேகமான மூன்றாம் காலத்தில் தாமதம் காதில் குத்தும். அதைக் குறைக்கப் படும் பாடுதான் புராஜெக்ட். கைடு ஒப்புக்கொள்ளத் தயங்கினால், தலைப்பில் நடனம் என்று போடாமல் "குறைந்த தாமதத்தில் அசைவறிதல்" என்று எழுதிக் கொடுக்கட்டும். உள்ளே இருப்பது அதுதானே.

பிறகு அதை எட்டு நிமிடப் படைப்பாக்கி, பள்ளி ஹாலிலோ கல்யாண மண்டபத்திலோ முப்பது பேர் முன்னால் செய்யட்டும். அன்றைக்கு நீங்களும் சாரும் மத்தியானமே போய் உட்காருங்கள். சாயங்காலம் ஆடுவதைவிட, மத்தியானம் எதுவும் வேலை செய்யாமல் வயர் வயராகப் பிடுங்கிப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அந்த அலைச்சல் அவளுக்குப் பிடித்திருந்தால் இந்தத் தொழில் ஒத்துவரும். மேடையேறும் அந்த எட்டு நிமிடம்தான் பிடிக்கிறது என்றால் அவள் நடனக் கலைஞர், அதற்கு வழி வேறு, அதையும் பேசலாம். அன்றைய நிகழ்ச்சியை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஷாட்டில், உடம்பும் ஒளியும் ஒன்றாகத் தெரியும்படி வீடியோ எடுத்து வைக்கட்டும். மேலே சொன்ன படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட அது கைகொடுக்கும்.

இன்னொன்று. ஒன்றரை லட்சம் ரூபாய் லேப்டாப் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். இந்த வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவை என்பது உண்மைதான், ஆனால் இந்த வேலைக்கு நிறையப் பேர் பயன்படுத்தும் டச்டிசைனர் மென்பொருளின் இலவசப் பதிப்பு எப்படியும் 1280×1280 அளவுக்கு மேல் படம் தராது, அந்த அளவில் கற்றுக்கொள்ள இவ்வளவு பெரிய மெஷின் வேண்டியதில்லை. கல்லூரி லேபில் கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கம்ப்யூட்டரைப் புராஜெக்ட்டுக்காக ஒதுக்கித் தரும்படி எச்.ஓ.டி.க்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.