ஹிஸ்டமின் வருகிறது, ஐஎல்-4 வரவில்லை: பேசோபில் சோதனையில் சிக்கல் எங்கே?

பேசோபில் என்பது ஒவ்வாமையில் பங்குபெறும் ஒருவகை வெள்ளணு. அது தூண்டப்படும்போது ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளையும், ஐஎல்-4 போன்ற சைட்டோகைன்களையும் (செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதங்கள்) வெளியிடும். ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் கேள்வி: "ரத்தத்திலிருந்து பேசோபில்களைப் பிரித்து, குழிக்கு 20 ஆயிரம் செல்கள் வீதம் 200 மைக்ரோலிட்டரில் வைத்து, ஆன்டி-ஐஜிஇ (ஒவ்வாமைக்குரிய ஐஜிஇ எதிர்ப்பொருளைப் பற்றும் எதிர்ப்பொருள்) சேர்த்தேன். 30 நிமிடத்தில் மேல்திரவத்தை எடுத்துப் பார்த்தால் ஹிஸ்டமின் நன்றாக வந்திருக்கிறது. அதே திரவத்தில் எலைசா (புரத அளவைக் காட்டும் சோதனை) போட்டால் ஐஎல்-4 சுத்தமாக இல்லை. செல்கள் கெட்டுவிட்டனவா? எஃப்எம்எல்பி (ஐஜிஇ வழியின்றிச் செல்லைத் தூண்டும் பெப்டைடு) போட்டுப் பார்க்கலாமா?"

செல்கள் கெடவில்லை. ஹிஸ்டமின் வந்ததே அதற்குச் சாட்சி. நீங்கள் திரவத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஹிஸ்டமின் ஏற்கெனவே தயாரித்துத் துகள்களுக்குள் அடைத்து வைக்கப்பட்ட சரக்கு. செல் மேலுள்ள, ஐஜிஇ பற்றிய ஏற்பிகளை ஆன்டி-ஐஜிஇ ஒன்றோடொன்று இணைத்ததும் லின், சிக் ஆகிய நொதிகள் விழித்துக்கொள்கின்றன. செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. துகள்கள் வெளிச்சவ்வோடு இணைந்து உள்ளிருப்பதைக் கொட்டிவிடுகின்றன. அரை மணி நேரத்துக்குள் இந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஐஎல்-4 கதை வேறு. அதில் பெரும்பகுதியைச் செல் புதிதாகத்தான் செய்ய வேண்டும். கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியைத் தூண்ட, அது என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்கு அனுப்ப, மரபணு படியெடுக்கப்பட்டு, அதன் பிறகுதான் புரதம் உருவாகி வெளியே வரும். சைக்ளோஸ்போரின் என்ற மருந்து கால்சிநியூரினை முடக்குவதால் ஐஎல்-4 வருவதும் நின்றுபோகும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அதை நன்றாக அடக்கும்.

ஆகவே ஐஎல்-4-க்கு 4 முதல் 6 மணி நேரம் கொடுங்கள். பேசோபில் தரும் இன்னொரு சைட்டோகைனான ஐஎல்-13 இன்னும் சோம்பேறி. அதற்கு 20 மணி நேரம் வரை வைக்கலாம். ஹிஸ்டமினுக்கு 30 நிமிடக் குழி, சைட்டோகைன்களுக்குத் தனிக் குழிகள் என்று முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது. ஒரே குழியில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசை வரும், விட்டுவிடுங்கள்.

அடுத்து, கணக்கு. ஒரு பேச்சுக்கு, 10 லட்சம் பேசோபில்கள் 100 பிக்கோகிராம் ஐஎல்-4 தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 20 ஆயிரம் செல்கள் தருவது 2 பிக்கோகிராம்; 200 மைக்ரோலிட்டரில் அது மில்லிலிட்டருக்கு 10 பிக்கோகிராம். பல எலைசா கிட்களுக்கு இது விளிம்பில் நிற்கும் அளவு. வெள்ளணுக்களில் பேசோபில்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் செல் எண்ணிக்கையைக் கூட்டுவது லேசான காரியமல்ல. முதலில் கன அளவைக் குறையுங்கள், அல்லது இன்னும் நுண்ணிய கிட்டைப் பாருங்கள்.

ஆன்டி-ஐஜிஇ அளவையும் கவனியுங்கள். ஹிஸ்டமினுக்கு உச்சம் தரும் செறிவு ஐஎல்-4-க்கும் உச்சம் தரும் என்று நினைக்க வேண்டாம். ஐஎல்-4 அதைவிடக் குறைந்த செறிவிலேயே உச்சத்தைத் தொடும். செறிவு ஏற ஏறக் குறையவும் செய்யும். நான்கைந்து செறிவுகளில் ஒரு வரைபடம் போட்டால்தான் உங்கள் செல்களுக்கு எது சரி என்று தெரியும். ஹிஸ்டமினுக்காகத் தேர்ந்த அளவிலேயே ஐஎல்-4-ஐயும் தேடினீர்களா என்பதுதான், நேரத்துக்கு அடுத்தபடியாக, எனக்கு வரும் சந்தேகம்.

பேசோபில்களை ஊக்குவிக்கும் சைட்டோகைனான ஐஎல்-3 சேர்க்கலாமா? சேர்க்கலாம், பலன் பெரிது. மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. ஆனால் ஐஎல்-3 தனியாகவே, ஐஜிஇ உதவியின்றி, மெதுவாக ஐஎல்-13-ஐ வரவழைக்கும். எனவே ஐஎல்-3 மட்டும் போட்ட கட்டுப்பாட்டுக் குழி இல்லாமல் ஐஎல்-13 முடிவை எழுதிவிடாதீர்கள்.

பிரெஃபெல்டின் என்ற வேதிப்பொருள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. செல்லுக்குள் சாயமிட்டு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவிமுறை) பார்ப்பவர்கள் அதைச் சேர்ப்பார்கள். அது புரதத்தை வெளியே விடாது. எலைசா குழியில் அது விழுந்தால் ஆறு மணி நேரம் காத்திருந்தும் பூஜ்ஜியம்தான். அப்புறம், பிரித்தெடுத்ததில் லிம்போசைட்டுகள் நிறையக் கலந்திருந்தால், வெளிவந்த ஐஎல்-4-இல் ஒரு பங்கை அவற்றின் ஏற்பிகளே பிடித்துக்கொள்ளும். தூய்மை சதவீதத்தைக் குறித்து வையுங்கள்.

எஃப்எம்எல்பி விஷயத்துக்கு வருவோம். அது ஹிஸ்டமினை வேகமாக வெளியேற்றும், ஆனால் ஐஎல்-4-ஐ மிகக் குறைவாகவே தரும். அதன் கால்சியம் எழுச்சி சட்டென அடங்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால் உங்கள் சிக்கலுக்கு அது தீர்வாகாது. வேறொரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: சிலருடைய பேசோபில்களில் சிக் நொதி மிகக் குறைவாக இருக்கும், ஆன்டி-ஐஜிஇ-க்கு ஹிஸ்டமின்கூட வராது. அப்படிப்பட்டவரின் ரத்தம் கிடைத்தால், எஃப்எம்எல்பி-க்கு ஹிஸ்டமின் வருவதைக் கொண்டு செல்கள் உயிரோடிருப்பதை உறுதி செய்யலாம். அந்த நபரை ஐஎல்-4 சராசரியில் சேர்க்காமல் தனியே எழுதுங்கள்.