பிள்ளைகளுக்கான பாக்கெட்டுகளில் எவ்வளவு சீனி? எதை முதலில் நிறுத்துவது?

கேள்வி இது: மகனுக்கு ஐந்து வயது. காலையில் பாலில் சத்துப் பவுடர், பள்ளிக்கு கிரீம் பிஸ்கட், சாயங்காலம் ஒரு மாம்பழ ஜூஸ். மூன்றுமே குழந்தைகளுக்கென்று விற்பவை. இவற்றில் சீனி அதிகம் என்கிறார்களே, உண்மையா? எதை நிறுத்தலாம்?

உண்மைதான். முதலில் ஜூஸை நிறுத்துங்கள், அடுத்தது கிரீம் பிஸ்கட். பவுடரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

நான் மருத்துவனோ உணவியல் படித்தவனோ அல்ல. ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் சாலையோரம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் என் அலமாரியில் இருக்கின்றன, மூன்றையும் விற்கிறேன். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் பாக்கெட்டுகளைத் திருப்பிப் படிப்பது வழக்கமாகிவிட்டது. கண்ணாடி போட்டாலும் சில வரிகள் பிடிபடுவதில்லை, அவ்வளவு பொடி எழுத்து. முன்பக்கம் பெயரைத் தமிழில் அச்சிடும் நிறுவனம்கூடப் பின்பக்கத்துக்கு வரும்போது தமிழை மறந்துவிடுகிறது. ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பதுதான் சட்டம். கடல்பாசி எடுக்கக் கடலில் இறங்கிவிட்டு வந்து பிள்ளைக்குத் தின்பண்டம் வாங்கும் பெண்ணிடம் இந்தச் சட்டத்தை யார் போய்ச் சொல்வது?

கணக்குக்கு வருகிறேன். தனியாகச் சேர்க்கும் சீனி ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,300 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் சீனிக்கு நான்கு கலோரி. அப்படியானால் ஐந்து சதவீதம் என்பது 16 கிராம், தேக்கரண்டியில் நான்கு. பத்து சதவீதமே 32 கிராம்தான்.

என் கடையில் இருக்கும் மாம்பழ பானத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 13 கிராம் சீனி. 150 மில்லி அட்டை டப்பாவை உங்கள் மகன் உறிஞ்சி முடிக்கும்போது 19 கிராமைத் தாண்டிவிடுகிறான். ஐந்து சதவீத அளவு அந்த ஒரு டப்பாவிலேயே முடிந்தது. கிரீம் பிஸ்கட்டில் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சீனி, நான்கு பிஸ்கட் தின்றால் 13, 14 கிராம். பவுடர் இரண்டு கரண்டிக்கு ஆறு கிராமுக்குக் குறையாது. அதற்குமேல் 'பிள்ளைக்கு இனிப்புப் போதாது' என்று வீட்டிலேயே ஒரு கரண்டி சீனி போடுவது எங்கள் பக்கத்தில் எல்லா அடுப்படியிலும் நடப்பது. கூட்டிப் பார்த்தால் நாற்பது கிராமுக்கு மேல். இத்தனைக்கும் இதில் ஒரு மிட்டாய்கூட இல்லை.

மிட்டாயைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அது இனிப்பு என்று எல்லோருக்கும் தெரியும், அளந்துதான் வாங்கிக் கொடுக்கிறார்கள். அக்கறையோடு வாங்கும் பொருள்களில்தான் சீனி கேள்வி கேட்பாரில்லாமல் வீட்டுக்குள் போகிறது.

என் மச்சான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அங்கே 2022 இறுதியிலிருந்து, சீனி அதிகமுள்ள பானங்களின் முன்பக்கத்திலேயே பெரிதாக ஓர் எழுத்து போட வேண்டும். ஏ முதல் டி வரை தரம். 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் டி. டி வாங்கிய பானத்தை விற்கிற இடத்தைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யக் கூடாது. சிலி நாட்டில் 2016 முதல் சீனி மிகுந்த பொருளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை, பிள்ளைகளைக் கவரும் கார்ட்டூன் பொம்மைக்கும் தடை. நம் நாட்டில் 2022இல், பாக்கெட்டின் முன்பக்கத்தில் தரத்துக்கு ஏற்ப நட்சத்திரம் போடலாம் என்று ஒரு வரைவு வந்தது. அத்தனை சீனியோடு இருக்கும் ஒன்றுக்கு ஒரு நட்சத்திரமோ அரை நட்சத்திரமோ கிடைத்தாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது பரிசு மாதிரிதான் தெரியும். எனக்கு எண்கோணம்தான் பிடித்திருக்கிறது.

இனி பவுடர். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டாவில் இருக்கும் சீனியைப் பற்றி ஒரு காணொளி போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அவரும் காணொளியை எடுத்துவிட்டார். ஆனால் பேச்சு அடங்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் 100 கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சேர்த்த சீனி 32.2 கிராமாகக் குறைந்தது. 2024 ஏப்ரலில், 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது, அந்தப் பிரிவிலிருந்து இவற்றை எடுத்துவிடுங்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அரசு சொன்னது. நல்லது. ஆனால் தங்கச்சிமடத்தில் யாரும் பவுடரைப் பிரிவு பார்த்து வாங்குவதில்லை. 'சத்து டப்பா கொடுங்கள் அண்ணாச்சி' என்றுதான் கேட்கிறார்கள், அந்தப் பெயரை எந்தச் சுற்றறிக்கையாலும் எடுக்க முடியாது.

அடிக்கடி வரும் ஒரு பெண், கணவர் விசைப்படகில் போகிறவர். பவுடர் வாங்கும்போதெல்லாம் ஒரே முறையீடு: "பிள்ளை மீனைத் தொடமாட்டேன் என்கிறான், அண்ணாச்சி. முள் குத்துகிறதாம். இதையாவது குடிக்கட்டும்." அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு கரண்டிப் பவுடரில் புரதம் ஒன்றரை, இரண்டு கிராம்தான் தேறும். ஒரு முட்டையில் ஆறு கிராம். நூறு கிராம் மீனில் இருபதை ஒட்டி. அந்தத் தம்ளரில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு பாலுடையது, பெயர் மட்டும் டப்பாவுக்கு. வைட்டமினும் இரும்பும் சேர்த்திருக்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு சீனியோடுதான் அதை விழுங்கியாக வேண்டுமா? சூடை மீன் முள் உண்மையிலேயே தொல்லைதான். நெத்திலிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, தலையைக் கிள்ளிவிட்டு முள்ளோடு மொறுமொறுவென்று பொரித்துக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்றாலும் அது விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் பொடிமீன் கூறு கட்டி விற்பதை அந்த நாட்களிலும் பார்க்கலாம். உங்கள் ஊரில் மீன் கிடைக்காவிட்டால் முட்டையும் பொரிகடலையும் எங்கும் கிடைக்கும்.

பவுடரை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இரண்டு கரண்டி போடும் இடத்தில் ஒன்று போடுங்கள், தனிச் சீனியை அறவே விடுங்கள்.

சீனியைப் பின்பக்கத்தில் கண்டுபிடிப்பது கடினமில்லை. 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கட்டத்தைப் பார்க்காதீர்கள், பரிமாறலின் அளவை அவர்களே முடிவு செய்கிறார்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள், சேர்த்த சீனி என்ற எண்ணை நான்கால் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு. சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். ஆகவே சீனி முதல் மூன்று இடத்துக்குள் இருந்தால் யோசிக்க வேண்டும். சீனியையே லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று வேறு வேறு பெயரில் பிரித்துப் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், கூட்டித்தான் பார்க்க வேண்டும். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்திலிருந்து எடுக்கும் தூள், சீனிக் கணக்கில் சேராது, ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றுவதில் அது சீனிக்குச் சளைத்ததில்லை.

படித்தவர்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. சாக்லேட் பாலின் சேர்மானப் பட்டியலில் 407 என்ற குறியீட்டு எண்ணைப் பார்த்துவிட்டு, "இது என்ன ரசாயனம்?" என்று கடையில் நின்று கேட்கிறார்கள். அது கராஜீனன், பாலைக் கெட்டியாக்கச் சேர்ப்பது. மண்டபம் பக்கத்தில் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிறார்களே, அந்தக் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து எடுப்பது. கஞ்சிப்பாசியிலிருந்து எடுக்கும் அகர் 406. எங்கள் கடல்பாசிக்கு இவ்வளவு நடுங்குகிறவர்கள், பட்டியலில் இரண்டாவதாகத் தன் சொந்தப் பெயரிலேயே நிற்கும் சீனியை வாசித்துக் கடந்துவிடுகிறார்கள்.

கருப்பட்டி போட்ட பிஸ்கட் நல்லதா என்று அடுத்து கேட்பீர்கள். சாயல்குடிக் கருப்பட்டியின் ருசிக்கு நான் அடிமை, ஆனால் உடம்பின் கணக்கில் அதுவும் சீனிதான். அங்கன்வாடி சத்துமாவிலும் வெல்லம் உண்டு. இருந்தாலும் அதில் கோதுமை, கேழ்வரகு, கடலை என்று உருப்படியான துணை இருக்கிறது. கருப்பட்டி பிஸ்கட்டில் பெரும்பாலும் மைதாதான் துணை.

வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால், இரண்டு வயதுவரை சேர்த்த சீனி வேண்டவே வேண்டாம். பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் விற்ற செரிலாக்கில் ஒருவேளை உணவுக்குச் சராசரியாக மூன்று கிராமை ஒட்டிச் சீனி சேர்த்திருந்தது தெரியவந்தது. ஐரோப்பாவில் அதே பெயரில் சீனி சேர்க்காமல் விற்றார்கள். அதன்பின் இங்கேயும் சீனியில்லாத வகைகள் வந்தன.

ஒன்றை மட்டும் கோபமாகவே சொல்கிறேன். சித்திரை வெயிலில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று எழுத்துப் போட்ட பழரச டப்பாவை வாங்கிக் கொடுத்தவர்கள் இந்தக் கரையில் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அந்த டப்பாக்களில் அதைப்போல் பல மடங்கு சீனி, வயிற்றுப்போக்கை அது அதிகப்படுத்தும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. சரியான பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

பிள்ளைகள் கையில் காசோடு நேரே வந்து வாங்கும் சின்னப் பாக்கெட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் என் கடையில் அதிகம் போவது அவைதான். தடைக்காலத்தில் அரிசியும் எண்ணெயும் கடன் நோட்டில் ஏறும், வாசலில் தொங்கும் சரத்திலிருந்து கிழிக்கும் ஐந்து ரூபாய்ச் சமாச்சாரம் மட்டும் ரொக்கத்தில் போகும். இவற்றில் பலவற்றுக்குத் திருப்பிப் படிக்கப் பின்பக்கமே கிடையாது. மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத பொட்டலத்தில் சேர்மானமும் ஊட்டச்சத்து விவரமும் அச்சிடத் தேவையில்லை என்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. ஏழு சென்டிமீட்டர் சதுரப் பொட்டலம் இரு பக்கமும் சேர்த்து 98தான். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்தவற்றை விற்கக் கூடாது என்று 2020இல் விதி வந்தது. எங்கள் பக்கம் யாரும் டேப்பைப் பிடித்து அளந்து நான் பார்க்கவில்லை.

சின்னப் பாக்கெட்டில் விடுபடும் சேர்மான விவரம் முழுவதும் காணாமல் போய்விடுவதில்லை. அவை மொத்தமாக வரும் பெரிய அட்டைப் பெட்டியிலோ ஜாரிலோ அந்த விவரம் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டி கடைக்காரரிடம்தான் இருக்கும். தயங்காமல் கேளுங்கள், காட்டுவார். கடைகளுக்குச் சரக்கு கொண்டுவரும் லைன் வண்டி சரக்கு இறக்கும் நாளிலேயே கேட்பது நல்லது, மறுநாள் அந்த அட்டை பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.